ஐந்து கிலோ லென்ஸும் என் வலது தோளும்

ஒரு காலையில் தலை பின்னக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். தோளுக்குள் கத்தியை விட்டுத் திருகியதுபோல வலித்தது. பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் முழுக்க இண்டூர் ஏரிக்கரையில், கேமராவும் லென்ஸுமாக ஐந்து கிலோவைக் கையில் ஏந்தி நாரைகளைப் படமெடுத்திருந்தேன்.

நான் மாரண்டஹள்ளிக்காரி. விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தோள் போன பிறகும் கேமராவை விட மனமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வலிக்கிறது என்று சொன்னதும் ஆளாளுக்கு மருத்துவரானார்கள். ஒருவர் தைலம் சொன்னார், ஒருவர் முட்டைப் பற்று சொன்னார். எங்கள் மாவட்டத்துப் பறவைப் படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தலைவர் நாகராஜ். அவர் என்னைத் தண்டால் எடுக்கச் சொன்னார். அவர் லென்ஸை அவருடைய டிரைவர்தான் சுமப்பார்.

சேலத்தில் எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உள்ளே எடுக்கும் படம்) பார்த்தார். ரொட்டேட்டர் கஃப் (தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாண்கள்) பாதி கிழிந்திருந்தது.

“ஆபரேஷன் இப்ப வேணாம்மா. பிசியோதெரபி பண்ணுங்க. இந்த வயசுல அவ்ளோ வெயிட்டு எதுக்கு?” என்றவர், என் கணவர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

“கை அவங்களுதுங்க. அவங்ககிட்டயே சொல்லுங்க” என்றார் என் கணவர் சிவராஜ். அன்று அந்த அறையில் உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிசியோதெரபி (மூட்டைப் பழக்கும் பயிற்சி) என்றால் சுவரில் விரல்களை எறும்புபோல மெல்ல ஏற்றுவது. இத்தனை வயதில் சுவரோடு மல்லுக்கட்டினேன். தலை பின்னிவிட்டவர் சிவராஜ். அந்தப் பின்னலோடு நான் தெருவில் இறங்கியதில்லை.

ஒரு மத்தியானம் தென்னையில் மரங்கொத்தி தட்டும் சத்தம் கேட்டது. பைனாகுலரைத் தூக்கப் பார்த்தேன், கை நெஞ்சோடு நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அழுதேன்.

பெரிய லென்ஸை விற்றேன். சிறிய மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாததால் எடை குறைந்த) கேமராவும் அதற்கேற்ற லென்ஸும் வாங்கினேன். பழைய எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தி வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். எடை குறைந்தாலும் எதுவும் குறையாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். கையில் ஏந்தி, தோளைக் கேட்டு வாங்குங்கள்.

கை தலைக்கு மேல் எழத் தொடங்கியதும், குழுவோடு பொம்மிடிப் பக்கம் ஒரு பாறைக்குன்றுக்குப் போனேன்.

“என்ன டீச்சர், பேரன் கேமராவத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்றார் நாகராஜ். எல்லாரும் சிரித்தார்கள்.

“பேரன் இல்லீங்க. உங்களுக்குத் தோள் இருக்குதுங்களா, இல்ல டிரைவருக்கு மட்டுந்தானா?” என்றேன். டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம் கொம்பன் ஆந்தை ஒன்று பாறையில் வந்து உட்கார்ந்தது. என் படம் புள்ளியாகத்தான் வந்தது. நாகராஜ் எடுத்ததில் இறகு இறகாகத் தெரிந்தது. அது நல்ல படம், மறுக்க மாட்டேன். ஆனால் அது போதாதென்று, ஆந்தை பறக்கும் படம் வேண்டி டிரைவரைக் கல்லெறியச் சொன்னார். ஆந்தை போய்விட்டது. அந்தப் பறக்கும் படத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. நான் குழுவைவிட்டு வெளியேறினேன். தூக்குவதற்கு ஆள் வைத்துக்கொண்டு பலசாலி வேஷம் போடுகிற கூட்டத்தில் எனக்கு என்ன வேலை?

தோள் முழுதாகச் சரியாகவில்லை, ஆகவும் ஆகாது என்கிறார் மருத்துவர். சில நிமிடங்கள் ஏந்துவேன், பிறகு கை தானாக இறங்கிவிடும். முன்பெல்லாம் படம் கிடைத்ததும் அடுத்த பறவைக்கு ஓடுவேன். இப்போது கை ஓய்கிற நேரமெல்லாம் பார்ப்பதற்குத்தான்.

போன வாரம் பஞ்சப்பள்ளி அணைக்கரையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. இரண்டு படம் எடுத்தேன். தோள் போதும் என்றது. கேமராவைப் பையில் வைத்தேன்.

“முடிஞ்சுதா? வூட்டுக்குப் போலாமா?” என்று கேட்டார் சிவராஜ், வண்டிச் சாவியோடு.

“இருங்க. அது இன்னும் மீன் புடிக்கல.”