கட்டைவிரல் அசைந்தால்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கதை எழுத நேரம் ஏது? கட்டட உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஃபோனில் நாலு வரி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டே நாலு வரி. மீதியெல்லாம் வீட்டில், அதுவும் மனைவி பேசப் பேச. கண் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள் அவள். வாயைத் திறந்தால் போதும், கதை கதையாகக் கொட்டும். இவன் "ம்... ம்..." என்று தலையாட்டுவான். மேசைக்கடியில் கட்டைவிரல் ஃபோன்மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

மகள்தான் கண்டுபிடித்தாள். "அம்மா, நிறுத்து! அப்பா விரல் அசையுது!" என்று கத்துவாள். வீடே சிரிக்கும். இவனும் அசடு வழிவான்.

சிரிப்பெல்லாம் அந்தக் கதை அச்சாகும்வரைதான். ஒருநாள் மனைவி, தன் அப்பா சிறையில் இருந்ததை, வெளியூரில் வேலை என்று அம்மா எல்லாரையும் நம்பவைத்ததை, அழுதுகொண்டே சொன்னாள். மனுஷன் அதையும் விட்டுவைக்கவில்லை, கதையாக்கிவிட்டான்! பேரை மாற்றினால் ஆயிற்றா? படித்ததுமே அவளுடைய அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. கதைக்கோ ஏகப்பட்ட பாராட்டு. புத்தகமாகப் போட ஒரு தொகுப்பு கொடுங்கள் என்று பதிப்பகத்தில் கேட்டார்கள்.

"நல்லா எழுதுங்க," என்றாள் மனைவி. கோபமா, வாழ்த்தா என்று யோசிக்க அவனுக்கு ஏது நேரம்? அதற்குப் பிறகு அவள் காய்கறி, கரண்ட் பில், பள்ளிக்கூடம் தவிர எதுவும் பேசவில்லை. வீடு அமைதியாகிவிட்டது, எழுத வசதி என்று சந்தோஷப்பட்டான் பாவி.

மார்பில் கட்டி வந்ததை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நோய் எலும்புவரை பரவியிருந்தது.

"வீட்டுக்காரர்கிட்டகூடவா சொல்லல?" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

"சொன்னா எழுதிடுவார், டாக்டர்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். கட்டிலருகே நின்றவன் ஃபோனைப் பைக்குள் போட்டான்.

அச்சடித்த புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. புத்தகக் கட்டைக்கூட அவன் பிரிக்கவில்லை. ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டு, லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தான். பழையபடி ஒரு வார்த்தை பேசமாட்டாளா? அவளோ சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் தானாக இவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"முதல்ல கையைக் காட்டுங்க."

இரண்டு கையையும் போர்வைமேல் விரித்து வைத்தான். கிரீஸ் ஏறிய நகங்கள். ஃபோன் இல்லை, பேனா இல்லை. பார்த்துவிட்டு அவள் வாயைத் திறந்தாள். எவ்வளவோ அடக்கியும், வலது கட்டைவிரல் தன்னால் அசைந்தது.

அவள் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "பாப்பா சாப்பிட்டாளா?"