அம்மாவைக் காசியில் விட்டுவந்தேன்

காசிக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்லத் தொடங்கியபோது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இடையில் சண்டை, இடப்பெயர்வு, அப்பாவின் நோய், அண்ணன் கனடா போனது, கொரோனா, எண்ணெய்க்கு வரிசையில் நின்றது. ஒவ்வொன்றும் ஓயும்போது அம்மா, "அப்ப இனி ஒருக்காக் காசிக்குப் போட்டு வருவமே?" என்று கேட்பார். சண்டிலிப்பாயில் வெங்காயமும் புகையிலையும் நட்டு முதுகு வளைந்த மனிசி. கொழும்புக்குப் போனதே மூன்று தரம்தான். இரண்டு தரம் கண் காட்ட, ஒரு தரம் அண்ணனை விமானம் ஏற்றிவிட்டு அழ.

"பங்குனியிலை போவம் பிள்ளை, குளிர் குறைஞ்சிடும்" என்றுதான் அம்மா சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். பங்குனியில் லீவு தரமாட்டார்கள், மார்கழி விடுமுறைதான் வசதி என்றேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். அதிபரிடம் போய் நிற்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பலில் விட்டுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

பருத்தித்துறைக்காரர் ஒருவர் வருடா வருடம் ஆட்களைச் சேர்த்துக் காசிக்குக் கூட்டிப்போகிறவர். அவரோடு இருபத்திரண்டு பேர் புறப்பட்டோம். அதற்கு முதல்நாள் முழுக்க அம்மா விடைபெறுவதிலேயே கழித்தார். எங்கள் ஊரில் யாரும் "போறன்" என்று சொல்லிப் படி இறங்க மாட்டார்கள். அது திரும்பி வராதவன் பேச்சு. அம்மா பக்கத்து வீட்டுக்கும், ஒழுங்கை முடக்கில் இருக்கும் வைரவருக்கும், பசுவுக்கும், கிணற்றுக்கும்கூடப் "போட்டு வாறன்" என்று, போய்விட்டு வருவதாகச் சொன்னார். பலாலி விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் முத்திரை குத்திய பொடியனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கும் சொன்னார். அவன் தலையாட்டினான்.

சென்னையில் இறங்கி, இன்னொரு விமானம் ஏறிக் காசிக்குப் போனோம். அங்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிப்புகார். படித்துறையில் என் பல்லுக் கிட்டியது. "ஒருக்காத் தலையை நனைச்சால் காணும் அம்மா" என்றேன். அவர் கேட்கிற ஆளா? அப்பாவுக்கு ஒரு முழுக்கு, தன் தாய் தகப்பனுக்கு ஒவ்வொன்று, இடப்பெயர்வில் வழியில் செத்த தங்கைக்கு ஒன்று, அண்ணனின் பிள்ளைகள் படிக்க ஒன்று. நான் கரையில் நின்று கத்தினேன். உதடு நீலம் பாரித்து, முந்தானை ஒழுக ஏறி வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்காக அந்தப் பயணத்தை மன்னிக்கலாம் என்று சில நாட்களில் நினைப்பேன். வேறு நாட்களில் அதுவும் முடிவதில்லை.

பின்னேரமே காய்ச்சல் தொடங்கியது. மறுநாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நியூமோனியா என்றார்கள், இதயமும் பலவீனம் என்றார்கள். விமானத்தில் ஏற்றுவதை நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவின் மூக்கில் குழாய் ஓடியது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது.

மற்றவர்கள் அன்று கயாவுக்குப் போக வேண்டும். போகுமுன் பார்க்க வந்தார்கள். அச்சுவேலிக்கார அக்கா ஒருவர் கட்டிலின் தலைமாட்டில் நின்று, "இதுக்கெல்லாம் குடுத்து வைக்கோணும். காசியிலை உயிர் போனால் மறுபிறப்பே இல்லையாம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அப்ப நீங்களும் நில்லுங்கோவன் அக்கா. பக்கத்துக் கட்டில் சும்மாதான் கிடக்குது" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார். ஊருக்குக் கொண்டுபோவதற்கு எல்லோரும் வாங்கியிருந்த கங்கைச் செம்பு ஒன்று அவர் பையில் இருந்தது. மூடியை உடைத்துக் கரண்டியில் நீர் எடுத்து அம்மாவின் வாயருகே கொண்டுபோனார். சாகிறவர் வாயில்தான் அப்படிக் கங்கை விடுவது. அம்மா அந்தக் கரண்டியைப் பார்த்தார். பிறகு இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டார். சின்னப் பிள்ளை மருந்துக்கு மூடுவது போல. நீர் தாடையால் வழிந்து தலையணையில் ஊறியது. அக்கா இன்னொரு கரண்டி எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

அவர்கள் போனபிறகு அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

"அவை என்னை அனுப்பப் பாக்கினம்."

"இல்லையம்மா, தெரியாமல் செய்யினம்."

"பாத்தாச்சுப் பிள்ளை, எனக்குக் காணும். என்னை வீட்டை கொண்டுபோ. செத்தாலும் இஞ்சை விட்டிடாதை. உன்ரை அப்பாவை எரிச்ச சுடலையிலை எரி. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டெல்லே வந்தனான்."

"ஓம் அம்மா. கொண்டுபோறன்."

"சத்தியமாச் சொல்லு."

சத்தியமாகச் சொன்னேன். இத்தனை வருடமும் அம்மா கேட்டது போய் வருவதைத்தான். எங்கள் காதில் காசி மட்டும் விழுந்திருக்கிறது.

அடுத்தநாள் காலை பத்து மணிக்கு அம்மா போய்விட்டார். நான் கீழே ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஏறி வந்தபோது குழாயைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

பருத்தித்துறைக்காரர் நல்ல மனிதர். மற்றவர்களை வேறொருவர் பொறுப்பில் கயாவுக்கு அனுப்பிவிட்டு எனக்காக நின்றுகொண்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோவதென்றால் பொலிஸ் கடிதம், டில்லியில் தூதரகம், மருந்தேற்றிப் பெட்டியில் வைப்பது, கொழும்பு, அங்கிருந்து றோட்டால் யாழ்ப்பாணம் என்று விளக்கினார். "பத்து நாள் செல்லும் ரீச்சர். கரைச்சல்தான். ஆனால் ஏலும். ஓமெண்டால் இப்பவே தொடங்குவம்" என்றார்.

ஏலும் என்றுதான் சொன்னார். அதையும் நான் மறைக்கக்கூடாது.

அண்ணன் தொலைபேசியில் அழுதார். கொஞ்சம் ஆறிய பிறகு, "அம்மாவின்ரை ஆசையே காசிதானே. அங்கையே செய், தங்கச்சி. எங்கடை அம்மா குடுத்து வைச்சவா" என்றார். அம்மா சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாய்வரை வந்தது. நித்திரை இல்லை, ஹிந்தி தெரியாது, கால் இரண்டும் வீங்கியிருந்தது. பத்து நாள் பொலிஸ், தூதரகம் என்று கந்தோர் கந்தோராகத் தனியே அலைவதை நினைத்தேன். "ஓம் அண்ணை" என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்கு அது சுகமான வழியாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். அப்பாவை எடுத்தபோது நானும் அங்கேதான் நின்றேன். காசிச் சுடலையிலும் பெண்கள் வரக்கூடாது என்பது போல ஒருவர் கையைக் காட்டி ஏதோ சொன்னார். ஹிந்தி தெரியாதது அன்றைக்கு ஒருமுறை உதவியது. பேசாமல் பின்னால் நடந்தேன். அம்மாவுக்கு முன்னால் ஏழு பேர் வரிசையில் கிடந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சங்கக்கடையிலும் பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர், எரிவதற்கும் நின்றார். அந்தப் பருத்தித்துறைக்காரர்தான் மகன் முறைக்குக் கொள்ளி வைத்தார். சாம்பலை அப்படியே ஆற்றில் தள்ளிவிட்டார்கள். ஒரு பிடி தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. பலாலியில் இரண்டு கடவுச்சீட்டோடு இறங்கினேன்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போலக் கதைத்தார்கள். ஆருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம் என்றார்கள். உன்னைப் பெற்றதற்கு அம்மா புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். வைரவர் கோயில் பக்கம் போகவில்லை. இன்றுவரை சுற்றுவழியால்தான் பள்ளிக்கூடம் போகிறேன். சனம் அதற்கும் துக்கம் என்று பெயர் வைத்திருக்கிறது. அது துக்கம் இல்லை, வெட்கம்.

முப்பத்தோராம் நாளுக்குக் கீரிமலைக் கடலில் கரைக்க எங்களிடம் சாம்பல் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கல்வெட்டு அடிக்க வேண்டும். அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அது. அம்மாவின் படமும், தேவாரங்களும், வாழ்க்கை வரலாறும் இருக்கும். வரலாற்றை அண்ணன் எழுதி அனுப்பியிருந்தார். தமிழ் ரீச்சர் வீட்டிலேயே இருக்கிறபோது வேறு யார் பிழை பார்ப்பது என்று அச்சகத்துக்காரர் தாள்களை என்னிடம் தந்தார்.

கடைசிப் பக்கத்தில், "தாம் விரும்பியபடியே காசிபதியில் சிவபதம் அடைந்தார்" என்று இருந்தது. மூன்று தரம் வாசித்தேன். சிவப்புப் பேனை கையில் இருந்தது. 'காசி'க்கும் 'பதி'க்கும் இடையில் ஒரு 'ப்' விடுபட்டிருந்தது. அதைப் போட்டேன். கீழே, வேறு பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.