பாத்திமா மேரி மாற்றிப் போட்ட கணக்கு

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் பாத்திமா மேரியிடம் ரவிக்கை தைக்காத வீடு குறைவு. அளவில் அரை அங்குலம்கூடப் பிசகாதவர், மகளின் படிப்புக் கணக்கில் கோட்டை விடப் பார்த்தார்.

சான்ட்ரா அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். பி.காம். படிக்கத் தஞ்சாவூர்த் தனியார் கல்லூரியில் வருடத்துக்கு முப்பத்தைந்தாயிரம், ஆன்லைனில் இருபத்தைந்தாயிரம். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டையும் எழுதினார் மேரி. அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மேற்படிப்புக்கு அரசாங்கம் தரும் மாதம் ஆயிரத்தை இரண்டிலும் கழித்தார். ஆன்லைன்தான் கைக்கு அடக்கம். அறுவடை மெஷின் ஓட்ட வெளியூர் போயிருந்த கணவர் ஆசீர்வாதமும், "அதையே கட்டிடு" என்று போனிலேயே முடித்துவிட்டார்.

மேரிக்கு மனசு ஆறவில்லை. கல்யாணமான புதிதில் அவரும் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தவர்தான். "வீட்டுலதானே இருக்க, இதக் கொஞ்சம் ஓரம் அடிச்சுக் குடு" என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். புத்தகக் கட்டைப் பிரிக்கக்கூட நேரமில்லை. ஒரு பரீட்சையும் எழுதவில்லை. மகளுக்கும் இதே கதிதானா? கூடுதல் பத்தாயிரத்துக்கு எங்கே போவது?

ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டக் கடைசி நாள். இ-சேவை மையம் நடத்தும் நஜ்மா கம்ப்யூட்டரில் விவரங்களை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, இதுல சேந்தா அந்த மாசம் ஆயிரம் வராது, தெரியும்ல?"

"ஏன் வராது? இதுவும் காலேஜ் படிப்புதானே!"

"நேர்ல போய்ப் படிக்கிற புள்ளைங்களுக்கு மட்டும்தாங்க்கா. கட்டிடவா?"

"ஐயோ, இரு இரு! தொட்றாத!"

மேரி அங்கேயே நோட்டைப் பிரித்தார். கல்லூரிக்குப் பன்னிரண்டு மாத ஆயிரங்களைக் கழித்தால் இருபத்து மூன்றுதான். ஆன்லைனுக்கு முழுசாக இருபத்தைந்து. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அப்பாடா என்றிருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட தன்னையே இரண்டு திட்டுத் திட்டிக்கொண்டார்.

கல்லூரி திறந்த அன்று காலை பக்கத்து வீட்டுக்காரி புடவையோடு வந்தாள்.

"சான்ட்ரா வீட்டுலதானே இருக்கா? இத ஓரம் அடிச்சுத் தரச் சொல்லுங்களேன்."

"இல்லீங்க. அவ காலேஜுக்குப் போயிட்டா."

சொன்னது போதவில்லை போலிருக்கிறது. படியிறங்கிப் போனவளைக் கூப்பிட்டு, மேரி இன்னொரு தரமும் சொன்னார்.