நிர்வாகக் குழு தனக்கே போட்டுக்கொண்ட மார்க்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அதைப் பார்த்தே தீரவேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழுவுக்கு ஓர் உத்தரவு வந்தது. குழு தன்னைத் தானே மதிப்பிட்டு அனுப்பினால்தான் அடுத்த வருஷ உதவி என்று நிதி கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம், மனவளர்ச்சி குன்றிய பெண் பிள்ளைகளுக்கான விடுதி எங்களுடையது. நான் வார்டன், எல்லாருக்கும் டீச்சர். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வலிப்பு உண்டு. ராத்திரியில் என்னோடு இன்னொரு ஆள் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போட்டார்கள். ஆனி மாதம் ஒரு பிள்ளை வலிப்பில் போய்விட்டாள். நான் அப்போது அடுத்த அறையில், காய்ச்சலில் கிடந்த இன்னொருத்தியின் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதிப்பீட்டுக் கூட்டத்தை விடுதியிலேயே வைக்கலாமே என்றேன். தூரம் என்று சொல்லி, திருநெல்வேலி ஜங்ஷனில் ஓர் ஓட்டல் மாடியில் ஏசி அறை போட்டார்கள். படிவத்தில் உள்ள கேள்வியை நான் வாசிக்க வேண்டும். 'முழுமையாக', 'ஓரளவு', 'இல்லை' என்ற மூன்றில் அவர்கள் சொல்லும் பதிலுக்கு நானே டிக் அடிக்க வேண்டும். தனக்குத் தானே மார்க் போடச் சொன்னால் எவன் குறைத்துப் போடுவான்? வடை வந்து சேர்வதற்குள் பாதிக் கேள்வி முடிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் 'முழுமையாக'.

"பயனாளிகளைக் குழு உறுப்பினர்கள் நேரடியாக அறிவார்களா?" என்று வாசித்தேன்.

தலைவர் அரிசி மண்டி அண்ணாச்சி. சிரித்தார். "இதெல்லாம் ஒரு கேள்வியா டீச்சர்? நம்ம பிள்ளையள நமக்குத் தெரியாதா? முழுமையாகன்னே போடுங்க. ஆமா, அந்தப் பாட்டுப் பாடுத பிள்ள எப்படி இருக்கா? ஆண்டு விழாவுல எனக்கு மாலை போட்டாள்லா?"

"அவதான் அண்ணாச்சி ஆனியில செத்துப்போனா."

சாவுச் செய்தியை நான் வாட்ஸப் குழுவில் போட்டபோது முதலில் கைகூப்பும் படம் போட்டவர் அண்ணாச்சிதான். கெட்ட மனிதர் இல்லை, முகம் சுண்டிப்போய்விட்டது. இப்போதாவது காது கொடுப்பார்கள் என்று நினைத்து, "ராத்திரிக்கு ஒரு ஆள்..." என்று ஆரம்பித்தேன்.

செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. "அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்லையேம்மா. அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடுவோம்" என்றார்.

அண்ணாச்சி தட்டில் இருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி பைய சொன்னார்:

"அந்தக் கேள்விக்கு மட்டும் 'ஓரளவு'ன்னு போட்டுக்கிடுங்க டீச்சர்."