வராத கரப்பான்பூச்சிக்கு ஒரு மன்னிப்பு

போன ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. காலிங்பெல் அடிக்கிறது. கதவைத் திறந்தால் எங்கள் தெருமுனை பிரியாணிக் கடைக்காரர் தனசேகர் நிற்கிறார். பக்கத்தில் என் மாணவி ஷாலினி, அழுது வீங்கிய முகத்தோடு.

"வராத கரப்பாம்பூச்சிக்கு நான் மன்னிப்பு கேட்டுகினு கீறேனாமே... இன்னா மேடம் இது?"

இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

விஷயம் இதுதான். பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில், மக்கள் தொடர்பு படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் 'தொழில் அறம்' வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்கள் ஏரியா கடை ஒன்றில் ஒரு தவறு நடந்ததாகக் கற்பனை செய்யுங்கள். கடைக்காரர் சார்பில் மன்னிப்பு அறிக்கை எழுதுங்கள். சப்பைக்கட்டு கூடாது!

ஷாலினியும் எங்கள் திருமுல்லைவாயில்தான். தனசேகர் கடையையே எடுத்துக்கொண்டாள். "எங்கள் பிரியாணியில் கரப்பான்பூச்சி கிடந்தது உண்மை. சாக்கு சொல்ல மாட்டேன். தவறு என்னுடையது – தனசேகர்." அடடா! பத்துக்குப் பத்து போட்டேன். அதோடு விட்டேனா? போட்டோ எடுத்து, 'இப்படி எழுதணும்!' என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். இது பயிற்சி என்று ஒரு வார்த்தை... போடவில்லை.

அது அங்கிருந்து கிளம்பி ஆவடி குவார்ட்டர்ஸ் குரூப், எங்கள் அபார்ட்மென்ட் குரூப் என்று ஊர்வலம் போயிருக்கிறது.

"ஞாயித்துக்கெழம இந்நேரம் க்யூ ரோடு வரைக்கும் நிக்கும். இன்னிக்கி ஈ காக்கா இல்ல. ரெண்டு அண்டா பிரியாணி அப்டியே கீது மேடம்."

மறுப்பை நானே எழுத உட்கார்ந்தேன். "சமூக வலைதளங்களில் பரவிய பதிவு ஒரு கல்விப் பயிற்சியின் பகுதியாகும். இதனால் எவருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருப்பின்..."

தனசேகர் படித்தார். "நல்லாதான் கீது. ஆனா இதுல தப்பு பண்ணது யாருன்னே தெர்லயே?"

ஷாலினி தரையைப் பார்த்தாள். இப்படி எழுதினால் சைபர் என்று அவளை மிரட்டியதே நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் தப்புக்கு மன்னிப்பு எழுதுவது எத்தனை சுலபம்! நம் தப்புக்கு எழுதும்போதுதான் இந்த 'ஏற்பட்டிருப்பின்' எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போனை அவளிடமே கொடுத்தேன்.

மடமடவென்று அடித்தாள். "கரப்பான்பூச்சி பொய். கற்பனை செய்தது நான். பயிற்சி என்று சொல்லாமல் குரூப்பில் போட்டது எங்கள் மேடம். இரண்டு பேரும் இப்போது அதே கடை வாசலில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம். வந்து பாருங்கள் – ஷாலினி."

எல்லா குரூப்புக்கும் அனுப்பியும் விட்டாள். "ஓகேவா மேம்?"

"ஓகேதான்... ஆனா நான் சைவமாச்சே!"

என்ன செய்வது? வாசல் டேபிளில் அவளுக்கு பிரியாணி, எனக்குத் தயிர் வெங்காயம். கூட்டம் வந்தது. வேடிக்கை பார்த்தது. பைக்கில் வந்த ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "அந்தம்மா பிரியாணிய தொடவே இல்லயே... அப்போ இன்னாவோ கீது மச்சான்!"

"ஐயோ, நான் சைவம்ங்க!" என்று கத்தினேன். அன்று நான் சொன்ன சுத்தமான உண்மை அதுதான். ஒருத்தரும் நம்பவில்லை.

தனசேகர் ஓடி வந்தார். "கோச்சுக்காதீங்க மேடம். பாப்பா வெளிய இருக்கட்டும். நீங்க உள்ள போய்டுங்க."

வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது அண்டாவும் காலியாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மக்கள் தொடர்பில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை — மக்கள் கண்ணில் படாமல் இருந்தது!