கீழிருந்து தொடங்கிய சுவர்

பெயின்ட் அடிப்பவர்கள் சுவரை மேலிருந்துதான் தொடங்குவார்கள். இல்லையென்றால் சொட்டு வழிந்து கீழே அடித்ததைக் கெடுத்துவிடும். சர்க்கரை நோயுள்ள ஒரு பெயின்டர், கொரோனாவிலிருந்து தேறி வேலைக்குத் திரும்பிய அன்று கீழிருந்து தொடங்கினார்.

"என்ன மாமா, தொழிலே மறந்துபோச்சா?" என்று சிரித்தான் கூட வேலை செய்யும் மச்சினன்.

"ஏணியில ஏறினா மூச்சு வாங்குதுடா. நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருக்கு."

மச்சினன் பிரஷ்ஷைக்கூடக் கழுவாமல் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

"சர்க்கரை இருந்தா கொரோனா சில சமயம் இதயத்தையும் பதம் பார்த்துடும். சீக்கிரம் வந்ததால மருந்துலயே சமாளிக்கலாம். ஏணி மட்டும் வேண்டாம்," என்றார் டாக்டர்.

இப்போது மேல்பாதி மச்சினனுக்கு, கீழ்ப்பாதி அவருக்கு. மேலிருந்து சொட்டு விழுந்தால் அவர் திட்டுவதில்லை.

"விழட்டும்டா. துடைக்க நான் இருக்கேன்ல."