பொட்டு வைத்த பிளைவீல்

மண்ணெண்ணெயும் பிசைந்த கோதுமை மாவும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும், சமையலறையிலும் சேராமல் பட்டறையிலும் சேராமல். அறுபதுகளில் ஒரு மழைக்காலம் முழுவதும் லம்பா லைன் குடியிருப்பில் எங்கள் வீட்டையொட்டிய தகரக் கொட்டகையில் அந்த வாசனைதான் இருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் நான் பயந்துகொண்டே இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா ராமநாதபுரத்துக்காரர், கடல் தாண்டி இந்தத் தீவுக்குப் பிழைக்க வந்தவர். பட்டாளம் ஏலம் விட்ட பழைய பெட்ரோல் லாரி ஒன்றை வைத்துக்கொண்டு சிப்பிகாட், சௌல்தாரி பக்கமெல்லாம் கல்லும் மரமும் ஏற்றிக்கொண்டிருந்தார். அதன் இஞ்சின் ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. "மெயின்லேண்ட்"டிலிருந்து ஒரு பழைய டீசல் இஞ்சினைக் கப்பலில் வரவழைத்தார். இஞ்சின் வந்தது; அதன் முதுகில் மாட்டிச் சுழல வேண்டிய கனத்த இரும்புச் சக்கரமான "பிளைவீல்" வரவில்லை. அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். லாரி ஓடாவிட்டால் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆகவே பழைய இஞ்சினின் பிளைவீலையே புதியதற்குப் பொருத்திவிடுவது என்று அப்பா முடிவு செய்தார்.

பயம் அன்றைக்குப் பிடித்தது. சௌல்தாரி போகும் வழியில் ஒரு மர மில்லின் கூரையில் பெரிய ஓட்டை இருந்தது. சுழன்ற சக்கரம் ஒன்று உதறி உதறி விரிசல் விட்டு வெடித்ததில் ஒரு துண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதாகவும், இன்னொரு துண்டு பக்கத்தில் நின்றவரின் காலைக் கொண்டுபோனதாகவும் அப்பாவே எனக்குச் சொல்லியிருந்தார். எங்கள் லாரியில் பிளைவீல் இருந்த இடமோ ஓட்டுபவரின் காலுக்குப் பக்கத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை.

பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடையும் டர்னராக இருந்த வங்காளி நிமாய் தாதா, புது இஞ்சினுக்கு ஏற்றபடி சக்கரத்தில் வேறு துளைகள் போட்டுக் கொடுத்தார். அதனால் அதன் ஒரு பக்கம் கனத்துப்போனது. இரண்டு படாக் மரச் சட்டங்களைக் கல் மேல் வைத்து, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, நடுவில் தண்டு செருகிய சக்கரத்தை அவற்றின் மேல் உருட்டி விட்டார்கள். எங்கே விட்டாலும் அது மெல்லத் திரும்பி, கனத்த பக்கத்தைக் கீழே கொண்டுவந்து நின்றது.

"ஏக் சைட் பாரி ஹை, பாயி," என்றார் தாதா, ஒரு பக்கம் கனம் என்று.

"பாரியக் கொறைச்சிருவோம் தாதா, அதுக்குத்தானே ஒக்காந்திருக்கோம்," என்றார் அப்பா.

எதிர்ப்பக்கத்தில் மாவை உருண்டையாக ஒட்டி, விட்ட இடத்தில் சக்கரம் அசையாமல் நிற்கும்வரை கூட்டிக் குறைத்தார்கள். பிறகு அந்த மாவின் எடை அளவுக்குக் கனத்த பக்கத்தில் இரும்பைத் துளைத்தெடுத்தார்கள். அரிசிக்குத்தான் தீவில் எப்போதும் தட்டுப்பாடு, கோதுமை மாவு இருந்தது; அதையும் அப்பா சக்கரத்துக்குத் தீனியாகப் போடுகிறார் என்று அம்மா முணுமுணுத்தாள். கடைசியில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கிளட்ச் மூடியையும் மாட்டி இன்னொரு முறை சரிபார்த்தார்கள். மறுபடி மாட்டும்போது மூடி திரும்பி உட்கார்ந்தால் சமநிலை கெடும்; இதே நிலையில்தான் உட்கார வேண்டும் என்பதற்காக, இரண்டின் மேலும் சேர்த்து அப்பா ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தார். அதன்பின் கழற்றித் தனித்தனியே வைத்தார்.

வெள்ளிக்கிழமை மாட்டுவது என்று ஏற்பாடு. அன்று காலை அம்மா கொட்டகையைக் கூட்டி, சக்கரத்தையும் மூடியையும் மண்ணெண்ணெய்த் துணியால் பளிச்சென்று துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, கை போன இடத்தில் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். அப்பா வந்து பார்த்தார். கோட்டின் மேல்தான் பொட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்து, பொட்டுக்கு நேரே பொட்டை வைத்து மூடியை முடுக்கினார்.

இஞ்சின் உயிர் பெற்றதும் லாரி முழுவதும் உதறியது. கூரைத் தகரம் தடதடவென்று ஆட, நான் தம்பியை இழுத்துக்கொண்டு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஓடினேன். இதோ வெடிக்கிறது, இதோ அப்பாவின் கால் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா நிறுத்தினார். தாதா முகம் வெளிறி, "பேலன்ஸ் டீக் தா, பாயி!" என்று, எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்று, திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "கோட்டத் தொடச்சது நாந்தேன். பொட்டும் பாத்து வைக்கல."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி மாவு ஒட்டி, இந்த முறை உளியால் வெட்டி அடையாளம் வைத்தார்.

ஓட்டிப் பார்க்கும் அன்று அப்பா ஏறி உட்கார்ந்ததும், அந்தப் பக்கக் கதவைத் திறந்து அம்மாவும் ஏறினாள்.

"நீ எதுக்கு? புள்ளைக இருக்குகள்ல?"

"நான் வர்றேன். வண்டிய எடுங்க." என்னைப் பார்த்து, "ஏத்தா, தம்பியப் பிடிச்சுக்க," என்றாள்.

லாரி மேட்டில் ஏறி மறைந்தது. சத்தம் மட்டும் இருந்தது. அது கொஞ்சம் மாறினாலும் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு துண்டு அப்பாவுக்கு, ஒரு துண்டு அம்மாவுக்கு என்று மனம் பங்கு போட்டது. பிறகு சத்தமும் நின்றுபோனது. தம்பி கை வலிக்கிறதென்று அழுதபோதுதான் நான் அவனை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

வந்துவிட்டார்கள். லாரி உதறவில்லை. அப்பா சிரித்தார். அம்மா இறங்கி, லாரிப் படியைப் பிடித்துக்கொண்டே நின்று, "ரோடு ஒரே மேடு பள்ளம்," என்றாள்.

அந்த லாரி பல வருடம் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுப் பழைய இரும்புக்குப் போனது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ். நிமாய் தாதாவும் இல்லை, அப்பாவும் இல்லை. உதிரிபாகம் விமானத்தில் வருகிறது. மாவு ஒட்டிப் பார்க்கும் அவசியம் யாருக்கும் இல்லை.

அம்மா போவதற்குச் சில வருடங்கள் முன்பு, எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அன்றைக்கு ஏன் ஏறினாய் என்று கேட்டேன். தப்புச் செய்தவள் என்பதால் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"வேறென்னத்தா செய்யச் சொல்ற? அவுக திரும்பி வர்ற வரைக்கும் கீழ நின்னு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கணுமே. அது யாரால ஆகும்?" என்றாள்.

அன்று கீழே நின்று அதைக் கேட்டிருந்த நான் தலையாட்டிக்கொண்டேன்.